இருபத்து மூன்று நண்டுகளின் வரிசை

அன்று காலை மட்டிச் சிப்பி குவிக்கும் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் தம்பி, தம்பியின் மருமகன், மீன்துறை அதிகாரி அம்மாள், பக்கத்துச் சேற்றுத் திட்டில் மட்டி அள்ளும் மீசைக்காரன். மீசைக்காரனை யாரும் கூப்பிடவில்லை.

அதிகாரி மேசைமேல் ஒரு குதிரைலாட நண்டை மல்லாத்தி வைத்தார். செத்த பெண் நண்டு. அடிவயிற்றில் புத்தகத் தாள்போல் அடுக்கியிருந்த செவுள்கள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன.

“இது நனைஞ்சிருக்கிற வரைக்கும்தான் இதுக்கு மூச்சு. முட்டை போடக் கரைக்கு வந்ததுங்க. இது மாதிரி செத்துக் கிடந்த பத்தொன்பதையும் அலை எட்டாத மேட்டுல யாரோ புரட்டிப் போட்டிருக்காங்க. செஞ்சவர் இனிமே திட்டுல கால் வைக்கக் கூடாது. ஆள் தெரியலைன்னா உங்க குடும்ப உரிமமே ரத்து.”

“அலை புரட்டியிருக்கும்மா,” என்றான் தம்பி.

மீசைக்காரன் சிரித்தான். “அலை நூல் பிடிச்ச மாதிரி அடுக்குமாய்யா? வாலெல்லாம் கடலைப் பார்த்து? இவங்க அப்பா காலத்துலேருந்து இதே வரிசைதாம்மா.”

“பிஞ்சு மட்டியைச் சுரண்டி விக்கிறவன் நீ. வாயை மூடு,” என்றேன்.

அவன் சொன்னது உண்மை. மட்டிக் குஞ்சைத் தின்கிற நண்டைப் புரட்டிப்போடு, ஆனால் கண்டபடி இறைக்காதே என்பது என் தகப்பனார் கட்டளை. எங்கள் வேலை எதுவும் ஒழுங்காக இருக்கும்.

“மட்டிக் குஞ்சைத் திங்குதுன்னுதான் புரட்டுறாங்க. குஞ்சு மட்டும் திங்கலை. வயித்தைக் கீறிப் பார்த்தேன். தின்னதுல பாதிக்கு மேல சேத்துப் புழு,” என்றார் அதிகாரி.

தம்பி மருமகனைக் கை காட்டினான். “காலையில போனது இவருதாம்மா. கடல் தெரியாத உள்நாட்டு ஆளு, விவரம் பத்தாது.”

மருமகன் தம்பி பக்கம் திரும்பினான். “என்ன மாமா இது! இருபத்து மூணு கிடந்துச்சு. உயிரோட இருந்த நாலைத் தண்ணியில விட்டுட்டு வந்தேன்.”

“வாலைப் பிடிச்சா தூக்கினீங்க? அதுக்குக் காயமாகுமே,” என்றார் அதிகாரி.

“இல்லீங்க. ஓட்டை ரெண்டு கையால பிடிச்சு.”

எனக்கு அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. வரிசையைக் கலைத்தவன். ஆனாலும் எங்கள் வீட்டு வேலையை, பெண் கட்டிக்கொண்டு வந்தவன் தலையில் கட்டி நாங்கள் பிழைக்கவேண்டியதில்லை.

“வரிசை என்னுது. எழுதிக்கோங்க,” என்றேன்.

எழுதினார். உரிமம் தப்பியது. அறுபது வருடம் மிதித்த சேற்றில் எனக்கு இனி இடமில்லை.

மருமகனைக் காப்பாற்றப் பெரியவர் பழியை ஏற்றுக்கொண்டார் என்று கரையில் பேசிக்கொள்கிறார்கள். தப்பு. இருபத்து மூன்றையும் புரட்டியவன் நான்தான்.