சுவர் திறக்கும் வண்டி

கதவு செய்வது மச்சான் வேலை. அதைத் தூக்கி ஏற்றி, போய்ச் சேரும் வரை பிடித்துக்கொண்டு போவது என் வேலை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பழைய வண்டியில் முன்னால் இரண்டு சீட்டுதான். ஓட்டுவதற்கு மச்சான், கதவை மாட்டியபின் பாலிஷைத் தொட்டுவிட என் மனைவி. நான் பின்தொட்டியில், கதவுகள் உரசாமல் நடுவில் கையைக் கொடுத்து உட்கார்ந்து வருவேன்.

போன மழையில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டேன். "இனி இவரு பின்னாடி ஏறினா நான் வீட்டை விட்டுப் போயிருவேன்" என்றாள் மனைவி. போனால் அண்ணன் வீட்டுக்குத்தான் போவாள். அந்தப் பயத்தில்தான் மச்சான் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு புது வண்டி பார்க்கக் கிளம்பினார்.

கடையில் நின்றதெல்லாம் குட்டி பிக்கப். விற்பனைக்காரத் தம்பி மூச்சு விடாமல் சொன்னான்: பின்னால் பார்க்க கேமரா, குளிருக்குச் சூடாகும் சீட், போனை வைத்தாலே சார்ஜ் ஏறும் தட்டு.

"இதுல எது தம்பி கதவு தூக்கும்?" என்றார் மச்சான்.

தம்பி இரண்டு வண்டிகளைக் காட்டினான். இரண்டிலும் பின் சீட் உண்டு, அதனால் தொட்டி குட்டை. ஆனால் இரண்டாவதில் பின் சீட்டை மடக்கி, கேபினின் பின்சுவரைச் சாய்த்தால் தொட்டி உள்ளே வரை நீளும். மச்சான் முகம் மலர்ந்தது.

"மாப்ள, படு."

டேப் அவர் இடுப்பில்தான் இருந்தது. ஆனாலும் நீளம் பார்க்க என்னைத்தான் நீட்டுவார். நான் ஒரு கதவு உயரம்.

முதல் வண்டியில் கால் வெளியே தொங்கியது. இரண்டாவதில் முழுசாக அடங்கினேன். தலை கேபினுக்குள், கழுத்துக்கு அடியில் மடக்கிய சீட். முன் சீட்டிலிருந்து மனைவி திரும்பி என் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"சௌகரியமா இருக்கா?"

"தூக்கம் வருது."

அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, கதவு இங்க படுத்துக்கிட்டா இவரு எங்க உட்காருவாரு?"

"எப்பவும் போல பின்னாடி..."

"தொட்டியில ஆள் ஏறக் கூடாதுங்க" என்றான் தம்பி.

"ஆள் இல்ல தம்பி, கதவு பிடிக்கத்தான் இவரு" என்றார் மச்சான்.

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். மனைவி அவரையே பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை காலம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதுதான் உறுத்தியது. எழுந்து உட்காரக்கூடத் தோன்றாமல் கூரை விளக்கையே பார்த்துக் கிடந்தேன்.

மச்சான் தம்பி பக்கம் திரும்பினார். "சுவர் திறக்காத வண்டியே போதும் தம்பி."

"கதவு?" என்றேன்.

"வெளிய நீட்டிக்கிட்டு வரட்டும். சிவப்புத் துணி கட்டிக்கலாம்."

"உரசுமே மச்சான்."

"நடுவுல போர்வை போடலாம். உன் கையை விட மெத்துனு ஒரு போர்வை கிடைக்காமலா போயிரும்?"

முதல் வண்டிக்குப் போய், பின் சீட்டில் தன் பெரிய உடம்பைத் திணித்து உட்கார்ந்து பார்த்தார். வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

"முட்டி இடிக்குது மாப்ள" என்றார் கண்ணாடியை இறக்கி.

"இடிச்சா இடிக்கட்டும். இறங்குங்க மச்சான், அது என் சீட்டு."