கவுன் ஓரத்து மணி

"ஒரு புள்ளையப் பாத்துக்க உனக்குத் துப்பு இருக்கா?"

வாண்டு கட்டிலிலிருந்து உருண்டு விழுந்த அன்று, கீழ் வீட்டிலிருந்து ஓடிவந்த ஓரகத்தி கேட்ட கேள்வி அது. இன்று அதை நினைத்தால் வாண்டின் அம்மாவுக்குக் கண் கலங்கும். அன்று பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்கக்கா" என்று கதவை அறைந்து சாத்தினாள்.

அதோடு மாடிக்கும் கீழுக்கும் பேச்சு நின்றது. மோட்டார் போடச் சொல்வதென்றால்கூட அண்ணன் தம்பி வழியாகத்தான் தூது போகும். துணி காயும் கொடி மட்டும் பொதுவாகவே இருந்தது.

அவள் வீட்டிலேயே தைப்பவள். சுவரைப் பார்த்தபடி மிஷின். கதவு முதுகுக்குப் பின்னால். மிஷின் மோட்டார் ஓடினால் தரையே அதிரும், பக்கத்து டம்ளர்கூட மெல்ல நகரும். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. அதனால் உட்காருமுன் கதவின் உச்சித் தாழ்ப்பாளை மேலே தள்ளி, நன்றாக இழுத்துப் பார்த்துக்கொள்வாள்.

அப்படியும் ஒருநாள் எழுந்தபோது தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. கதவு சாத்தியே இருந்தது. வாண்டு சமர்த்தாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதன் பாதங்கள் ஈரமாக இருந்தன. மறுவாரம் மறுபடியும் தாழ்ப்பாள் திறந்திருந்தது. அவள் இடப்பக்கம் வகிடெடுத்து வாரிய தலை, வலப்பக்கம் வகிடெடுத்து இருந்தது.

"யாருடா வந்தா? அம்மாகிட்டச் சொல்லு."

பேச்சு வராத வாண்டு, எச்சில் ஒழுகச் சிரித்தது.

அதன்பின் கொடியிலிருந்து எடுத்த மஞ்சள் கவுன் கிணுங்கியது. வாண்டு அதைத் தவிர வேறெதையும் போடவிடாது. ஓரத்தைப் புரட்டினாள். மடிப்புக்குள் கடலை அளவில் ஒரு மணி. தையல் வலமிருந்து இடம் சாயாமல், இடமிருந்து வலம் சாய்ந்திருந்தது. இடக்கைத் தையல். அந்தக் கட்டடத்தில் இடக்கைக்காரி ஒருத்திதான்.

பஸ் ஓட்டப் போயிருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"உங்க அண்ணி நம்ம வீட்டுக்குள்ள வந்து போறாங்க."

"வந்தா காபி குடுத்து அனுப்பு."

"வெளையாடாதீங்க. புள்ளையத் தொடறாங்க. கவுன்ல என்னத்தையோ தைச்சு வெச்சிருக்காங்க."

"அண்ணிக்கு வேற வேலையில்லையா? நீ சரியா தூங்கறதில்ல, அதான்."

அவள் மணியைக் கத்தரித்து ஊசி டப்பாவில் போட்டாள். அளவு பார்க்க வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடியை இழுத்துவந்து, கதவு தெரியும்படி மிஷின் எதிரே சாத்தினாள். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது. தாழ்ப்பாளைத் தள்ளினாள், இழுத்துப் பார்த்தாள், உட்கார்ந்து மிதியை அழுத்தினாள்.

இரண்டு சட்டைக் காலர் முடியுமுன் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். யார் கையும் படாமல் தாழ்ப்பாள் நடுங்கிக்கொண்டிருந்தது. மிஷின் அதிர அதிர, இம்மி இம்மியாகக் கீழே இறங்கி, பொத்தென்று விழுந்தது.

திறந்தது யாருமில்லை. அவள் தையல்தான்.

அதற்குள் வாண்டு கதவை முட்டித் தள்ளி வெளியே போய்விட்டது. மிஷின் சுவிட்சை அணைக்கக்கூட நேரமில்லாமல், மடியில் கிடந்த துணியோடு எழுந்து ஓடினாள்.

படித் திருப்பத்தில், கைப்பிடிக்கு அடியிலிருந்த இடைவெளியில் வாண்டு இடுப்புவரை இறங்கித் தொங்கியது. கீழ்ப்படியிலிருந்து எக்கி, மஞ்சள் கவுனை ஓரகத்தியின் இடக்கை கொத்தாகப் பிடித்திருந்தது. முழங்கைவரை பாத்திரம் தேய்த்த நுரை. கழுநீரைக் கொட்ட வந்தவள்; வாளி கவிழ்ந்து கிடந்தது.

இருவருமாக வாண்டை மேலே இழுத்தார்கள். அது ஏதோ விளையாட்டு என்று கெக்கலித்தது.

ஓரகத்தி மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்து கவுன் ஓரத்தைப் புரட்டினாள். அறுந்த நூல் நுனியைத் தடவினாள். நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மிஷின் முன்னால் இருப்பவளுக்குக் கேட்காத மணி, கீழே அடுப்படியில் இருப்பவளுக்குக் கேட்கும். இதற்கு முன் இரண்டு தடவையும் தற்செயலாகக் கண்டு ஓடிவந்து தூக்கி, அழுக்குக் காலைக் கழுவி, தலை வாரி, உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். பேசக் கூடாதே! அதனால்தான் இந்த மணி.

"அக்கா..." என்றாள் அவள். உள்ளே போய் ஊசி டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

ஓரகத்தி நுரையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மணியைப் பொறுக்கினாள். அவள் நூல் கோத்துக் கொடுத்தாள். வாண்டை மடியில் கிடத்தியபடியே ஓரகத்தி தைத்தாள். இம்முறை நூலை இரட்டையாக்கிக்கொண்டாள். முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். கவுனை ஒரு தட்டுத் தட்டினாள். மணி கிணுங்கியது.

அவள் குனிந்து ஓரகத்தியின் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஓரகத்தி கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு வாண்டை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டு, கவிழ்ந்த வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.