முருகனைப் பார்த்த பிள்ளை

புவனேஸ்வரன் தண்டோரா போடாத குறைதான். பாடாங் மேஹா தோட்டத்தில் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். லோரி நின்ற இடத்திலெல்லாம் மகளின் பெருமையையும் சேர்த்து இறக்கிவிட்டுத்தான் கிளம்பினான். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை, மெத்தையில் எப்போது கிடத்தினாலும் முகத்தை வலப்பக்கம் திருப்பி, சுவரில் மாட்டியிருக்கும் முருகன் படத்தையே பார்க்கிறதாம். முப்பதாம் நாள் பெயர் வைக்கும்போது, ஏற்கெனவே பேசி முடித்திருந்த தனுஸ்ரீ என்ற பெயரைத் தள்ளிவிட்டு வேல்விழி என்று வைத்துவிட்டான். பார்க்க வந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

அவன் மனைவி தேவகிக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மனம் உறுத்த ஆரம்பித்தது. பிள்ளை இடப்பக்க மார்பில் சமர்த்தாகக் குடித்தது. வலப்பக்கம் மாற்றினால் வீறிட்டது. தலையும் இடது தோளை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தது. கணவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"சாமிய பாக்குற பிள்ளைக்கு என்னா கொற? சும்மா இரு லா," என்றான்.

இரண்டு மாதம் முடிந்த வாரத்தில், ஒரு நாள் காலை அவன் வேலைக்குப் போனதும் தேவகி ஒரு காரியம் செய்தாள். தலைமாட்டைக் கால்மாடாக்கி வேல்விழியைக் கிடத்தினாள். இப்போது முருகன் இடப்பக்கம் ஆகிவிட்டார். வலப்பக்கம் இருந்ததோ குளியலறைக் கதவு. பிள்ளை கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, அதே பக்தியோடு குளியலறைக் கதவைப் பார்த்தது.

வேறு சமயமாக இருந்தால் தேவகி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது பிள்ளையின் பக்கத்தில் மண்டியிட்டாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். இடப்பக்கம், தோலுக்கு அடியில், பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. குளிப்பாட்டும்போது தான்தான் பிசகிப் பிடித்துவிட்டோமோ? இல்லை, அதைவிடக் கெட்டது ஏதாவதா? அந்த நோயின் பெயரை மனதுக்குள்கூட அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

மதியம் திரும்பிய புவனேஸ்வரனுக்குப் பிள்ளையை அப்படியும் இப்படியும் போட்டுக் காட்டினாள். அவன் படத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். மறுநாள் லீவு போட்டான்.

கிளினிக்கில் பார்த்த டாக்டர் சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கழுத்தை ஸ்கேன் எடுத்து, தசைப் பயிற்சி கொடுக்கும் ஹபீஸாவிடம் அனுப்பினார்கள். ஹபீஸா ஸ்கேன் முடிவைப் படிப்பதற்குள் தேவகிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"பயப்படாதீங்கம்மா. கழுத்துத் தச ஒரு பக்கம் இறுகிப் போயிருக்கு, அவ்ளோதான். அந்தக் கட்டியும் அதே தசதான். பெரும்பாலும் மாசக்கணக்குல தானா கரைஞ்சிரும்."

"நான் குளிப்பாட்டுறப்ப..."

"நீங்க ஒண்ணும் பண்ணல. வயித்துக்குள்ள படுத்திருந்த வாக்குல வந்திருக்கும். சீக்கிரம் கொண்டாந்தீங்க பாருங்க, அதான் நல்லது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

புவனேஸ்வரன் சிலிப்பரைப் பார்த்துக்கொண்டே முருகன் கதையைச் சொன்னான். ஹபீஸா வாய்விட்டுச் சிரித்தாள். தேவகியும் சிரித்தாள், சிரிப்போடு சிரிப்பாக அழுதும் விட்டாள்.

"அண்ணே, இனிமே கூப்புடுறது, கிலுகிலுப்ப ஆட்டுறது எல்லாம் இடது பக்கந்தான். முழிச்சிருக்கப்ப குப்புறப் போடுங்க, கூடவே இருங்க. தூங்குறப்ப மல்லாக்கத்தான்."

ஒரு கையால் தோளைப் பிடித்து, மறு கையால் தலையை மெல்லத் திருப்புவதை மூன்று முறை செய்து காட்டினாள். அவர்களையும் செய்யச் சொல்லிப் பார்த்தாள். "பிள்ள முரண்டு பண்ணா விட்டுருங்க. பலவந்தம் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் புவனேஸ்வரன் செய்த முதல் வேலை, மெத்தைக்கு இடப்பக்கச் சுவரில் ஆணி அடித்து முருகனை அங்கே குடியேற்றியதுதான். லோரி ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிக் காய்த்துப்போன கை, பிள்ளையின் தலையை முட்டையைத் தொடுவது போலத் தொட்டது. முதல் மூன்று வாரம் மூக்கு நடுவுக்கு வந்ததே பெரிய காரியம். பிறகு நாளுக்கு ஒரு துளியாகத் திரும்பியது. கட்டியும் கைக்குத் தட்டுப்படாமல் போனது.

நான்காம் மாதத்தில் ஒரு சாயங்காலம். தேவகி முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மல்லாந்து கிடந்த வேல்விழி, யாரும் கூப்பிடாமலே, இடப்பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"தேவகி! பாத்துட்டா லா, முருகன பாத்துட்டா!" என்று புவனேஸ்வரன் குதித்தான்.

தேவகி துணியோடு இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளையின் கண்களும் இரண்டடி நகர்ந்தன. முருகன் இருந்த இடத்திலேயே இருந்தார்.

துணியை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி, வலப்பக்க மார்பில் போட்டாள். குடித்தது.