நாற்பத்தொன்றாம் பக்கம்

...இல்லை, அப்படி வாசித்திருக்க மாட்டார், ஒலிபெருக்கி இரண்டு நாளாகக் கரகரக்கிறது, தன் காதில்தான் தப்பாக விழுந்திருக்கும் என்று நீதிபதி நினைத்துக்கொண்டார், ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த நீதிபதி அடுத்த வரியையும் அதே நிதானத்தில் வாசித்தார், காவலாளியின் சாட்சியத்தை ஒதுக்கிவிட முடியாது, கார் விளக்கு வெளிச்சத்தில் அவர் அந்த முகத்தை அடையாளம் கண்டிருக்கலாம்... கார் விளக்கா? எந்தக் கார் விளக்கு? போன மாதம் இதே மனுஷன், இதே வாயால், கொலை நடந்த ராத்திரி அந்தத் தெருவில் கரண்டே இல்லை, மின்வாரியப் பதிவேடு சொல்கிறது, கும்மிருட்டில் நாற்பதடி தள்ளி நின்ற காவலாளி யார் முகத்தைப் பார்த்திருப்பான், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து டிரைவரை விட்டுவிடலாம், தீர்ப்பை நானே எழுதுகிறேன் என்று சொல்லவில்லையா? முதலாளியைக் கொன்றான் என்று ஆயுள் தண்டனை வாங்கி எட்டு வருடமாக உள்ளே இருக்கிறான் அந்த டிரைவர். அவன் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் துணிப்பை, பையிலிருந்து ஒரு புதுச் சட்டையின் காலர் எட்டிப் பார்க்கிறது, குண்டூசி கூட எடுக்காத சட்டை. இன்றைக்கே போட்டுக் கூட்டிப்போகலாம் என்று வாங்கியிருப்பாள்.

அண்ணன் வாசித்துக்கொண்டே போனார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, ஒரே சீனியர் வக்கீலிடம் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் ஆறு வருடம் உட்கார்ந்தவர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல கோட்டு, யாருக்கு அன்று வழக்கோ அவருக்குக் கோட்டு, அண்ணன் தோளுக்கு அது தொங்கும், தனக்கு அக்குளில் பிடிக்கும், அந்தக் கோட்டில் தொடங்கிய பேச்சு வழக்குதான் அண்ணே, தம்பி... பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்த இந்த இரண்டு வருடத்தில் அண்ணன் எழுதிய தீர்ப்பு எதையும் கடைசிப் பக்கம் தவிர இவர் முழுசாகப் பார்த்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். மனைவிகூடக் கிண்டல் செய்வாள், "உங்க அண்ணன் எழுதினா வேதவாக்கு. நான் எழுதுற மளிகை லிஸ்ட்டை மட்டும் ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பாருங்க." அப்படி நம்பினவன் கழுத்தை அறுக்க எப்படி மனசு வந்தது? யார் பேசினார்கள் அண்ணனிடம்? இரண்டு மாதத்தில் தலைமை நீதிபதி நாற்காலி காலியாகிறது, செத்துப்போன முதலாளியின் மைத்துனனுக்கு எட்டாத வாசல் கிடையாது என்பார்கள்... சீ, அண்ணனா, அண்ணன் அந்த மாதிரி ஆளா? ஆள் அப்படி இல்லையென்றால் கார் விளக்கு எங்கிருந்து வந்தது? எதிரி செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மஞ்சள் சீட்டாவது வைத்தாரா? அதுதானே இரண்டு பேருக்கும் ஏற்பாடு, எழுதும்போது மனசு மாறினால், பேசி முடித்ததிலிருந்து விலகினால், அந்தப் பக்கத்தில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சிவப்பு. திருட்டு வழக்கிலும் வைத்தார், வாடகை வழக்கிலும் வைத்தார், ஒரு மனுஷனின் மிச்ச ஆயுசு தொங்குகிற வழக்கில் வைக்கவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் காலையில் கோப்பு மேசைக்கு வந்தது, புரட்டியபோது சிவப்புச் சீட்டு மட்டும்தான் நீட்டிக்கொண்டிருந்தது, கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். திருட்டுத்தனமாக நுழைத்திருக்கிறார். இளைய நீதிபதியான இவருக்கு வக்கீல்கள் வைத்திருக்கிற பட்டப்பெயர் பூதக்கண்ணாடி, அடிக்குறிப்பைக்கூட விடமாட்டார் என்பதால். இன்று காலையில்கூட ஒரு இளம் வக்கீல் பெண்ணைக் கோப்பைப் படிக்காமல் வந்தாள் என்று நிற்கவைத்துக் கேட்டார், "படிக்காம கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்களேம்மா, இதுல ஒருத்தரோட வாழ்க்கை இருக்குன்னு தெரியாதா?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது இப்போது ஏன் ஞாபகம் வருகிறது?

"...ஆகவே மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது." அண்ணன் தாளைக் கவிழ்த்து வைத்தார். டிரைவரின் மனைவிக்குச் சட்டமொழி புரியவில்லை, தன் வக்கீலின் முகத்தைப் பார்த்தாள், அவர் உதட்டைப் பிதுக்கியதும் புரிந்துகொண்டாள், சட்டையின் காலரை விரலால் உள்ளே தள்ளினாள். இனி ஒரு சொல்தான் பாக்கி. எழுதாத நீதிபதி மைக்கில் வாய்விட்டு 'உடன்படுகிறேன்' என்று சொல்ல வேண்டும், இந்தக் கோர்ட்டு வழக்கம் அது, சொன்னால்தான் தீர்ப்பு நிற்கும். சொல்ல மாட்டேன். சபையிலேயே கேட்பேன், நாம் பேசியது இதுவா என்று கேட்பேன், முப்பத்தொரு வருட நட்பு போனால் போகட்டும்... எழுதிய பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டே கேட்போம் என்று கண்ணாடிக்கு அங்கிப் பையில் கையை விட்டார். கண்ணாடிக் கூட்டோடு ஒரு காகிதம் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மஞ்சள். மேலே தன் கையெழுத்தில் கண்ணாடிக் கடைக்காரரின் தொலைபேசி எண். கோப்பு வந்த அன்று காலை மனைவி போனில், "கண்ணாடி ரெடியாம், நம்பர் சொல்றேன், குறிச்சுக்குங்க" என்று அவசரப்படுத்த, கைக்கு அகப்பட்டதை உருவி... எதிலிருந்து உருவினோம்? திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் பொடி எழுத்து, அண்ணனின் கை, 'ப. 41. மனசு ஒப்பல தம்பி. கையெழுத்துக்கு முன்ன பேசணும்.'

அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா? நீ ஒண்ணும் பேசாம கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டே. ஒத்துக்கிட்டேன்னுதான் நினைச்சேன்." குரலில் கள்ளம் இல்லை. இருந்திருக்கக்கூடாதா? இந்த மனுஷன் துரோகியாகவே இருந்து தொலைத்திருக்கக்கூடாதா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது, கால்மணி நேரமாக அந்தக் கோபம் எவ்வளவு சௌகரியமாக இருந்தது. இப்போதும் நிறுத்தலாம், மூன்றே சொல் போதும், நான் படிக்காமல் கையெழுத்திட்டேன், அவ்வளவுதான், டிரைவரின் வழக்கைப் புதிதாகக் கேட்க இன்னொரு பெஞ்ச் கிடைக்கும். காலையில் திட்டு வாங்கிய வக்கீல் பெண் கடைசி வரிசையில் இன்னும் இருந்தாள், பேனாவும் கையுமாக. அவர் மைக்கின் பொத்தானை அழுத்தினார், சிவப்பு விளக்கு எரிந்தது, அறை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது, டிரைவரின் மனைவி மட்டும் அண்ணனை விட்டுவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இவர் கைக்குள் மடங்கியிருந்த சீட்டு வியர்வையில் ஈரமாகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.