துரை விழக் கூடாது

வாரன் டிப்பெட் ஒரு காலத்தில் அமெரிக்கா முழுவதையும் சிரிக்கவைத்த நடிகர். நீண்ட முகம், அதைவிட நீண்ட கால்கள். ஏணியிலிருந்து விழுவார், ஓடும் லாரியிலிருந்து விழுவார், தன் கல்யாணத்திலேயே கேக்கின் மேல் விழுவார். இளம் வயதில் ஏதோ ஒரு சுரங்க ஊரின் நாடகக் கொட்டகையில் உண்மையாகவே கால் தவறி விழுந்திருக்கிறார். கூட்டம் சிரித்தது. மறுநாளும் விழச் சொன்னார்கள். அதுவே தொழிலாகிவிட்டது.

இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். மனைவி இல்லை, படங்களும் இல்லை. தேய்ந்த மூட்டுகளுக்கு எண்ணெய் வைத்தியம் செய்துகொள்ளக் குமுளியில் தங்கியிருந்தவரை, சினிமாக் கம்பெனி மேனேஜர் சுரேஷ்கண்ணன் பிடித்து வந்தார். பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் துரையாக நடிக்க அவர்களுக்கு ஒரு வெள்ளைக்காரர் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். உத்தமபாளையத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அடுத்தவர் பேச்சைச் சொன்னால் போதும், நானாகப் பேச வேண்டியதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

வாரனுக்கும் பேச்சு குறைவு. வாய்க்கால் மேட்டில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். ஒரு மாலை அவராகவே சொன்னார்: “ரஃபியா, ஒரே ஒரு படத்தில் காட்சி முடியும்வரை நான் நின்றுகொண்டிருக்க வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை ஒப்புக்கொண்டேன்.”

மறுநாள் காலை கம்பத்தில் படப்பிடிப்பு நடக்கும் வயலுக்குப் போனபோது, யூனிட்டில் எல்லோரும் ஒரு செல்போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் இளம் வாரன் சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் முத்துக்குமரன் என்னிடம் ஓடி வந்தார். “டீச்சர், தங்கத்தைக் கையில வச்சுக்கிட்டுத் தகரம் தேடியிருக்கோம்! துரை வரப்புல நடந்து வாறாக, வழுக்கி வயல்ல விழுறாக. தியேட்டரே அதிரும். சொல்லுங்க அவருகிட்ட.”

“அவர் விழ விரும்பலையே சார்.”

“நீங்க சொல்லுங்க டீச்சர். அவுக ஒத்துக்கிருவாக.”

சொன்னேன். வாரன் வயலைப் பார்த்தபடி நின்றார். அவர் மறுப்பார் என்று காத்திருந்தேன்.

“எப்போதும் கடைசியில் இதைத்தான் கேட்பார்கள்” என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரப்பில் ஏறினார்.

வயலில் உண்மையான நடவுப் பெண்களையே கூட்டத்துக்காக நிறுத்தியிருந்தார்கள். கேமரா ஓடியது. வாரன் நடந்தார். ஒரு கால் இடப்பக்கம் போனது, மற்றது வானத்துக்குப் போனது. கைகள் காற்றைப் பிடித்தன. முழு உடம்பும் சேற்றில் விழுந்தது. அந்த வயதிலும் அப்படி விழ முடிந்தது எனக்கு வியப்பாக இருந்தது. யூனிட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நடவுப் பெண்கள் சிரிக்கவில்லை. நாற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். முன்னால் வந்த மூத்தவள் மாயக்காள் வாரனின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, சேலை முந்தியால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

“ஏலே, தண்ணி குடுத்த மனுசன் சேத்துல கெடக்காக, பல்லக் காட்டுறீக?”

“ஆத்தா, அது நடிப்பு. வேசம்” என்றார் முத்துக்குமரன்.

“வேசம்னு எனக்குத் தெரியாதாக்கும்? திருவிழாவுல ஆத்தா வேசம் போட்டவன் வந்தா நீ விழுந்து கும்பிட மாட்ட? வேசம் போட்டாச்சுன்னா அவுகதேன். தை மாசம் பொங்க வச்சுக் கும்பிடுற ஆளை நீ வழுக்கி விடுவ, நாங்க கூட்டத்துல நின்னு வேடிக்கை பாக்கணுமோ? வாங்கடி போவம்.”

பெண்கள் கரையேறிவிட்டார்கள்.

வாரன் சேறு சொட்ட நின்று என்னைக் கேட்டார். “அவர்கள் ஏன் சிரிக்கவில்லை?”

“நீங்கள் விழுந்துவிட்டீர்கள் என்பதால்.”

அவர் சேற்றில் கிடந்த தொப்பியைக் குனிந்து எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “என் தொழிலில் சிரிப்பு அடங்கும்வரை கீழேயே கிடக்க வேண்டும். இத்தனை வருடத்தில் யாரும் தூக்க வந்ததில்லை.”

அதை யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஆனாலும் முத்துக்குமரனிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு மாயக்காளிடம் போனார். “சரி ஆத்தா, விழுகாம இருக்கட்டும். ஆனா நீ ஓடியாந்து தூக்குனது நல்லா இருந்துச்சே. விழுகாட்டி எப்படித் தூக்குவ?”

மாயக்காள் யோசித்தாள். “கால் லேசா வழுக்கட்டும். விழுகுறதுக்கு முந்தி நாங்க பிடிச்சுக்கிறோம். எவனும் சிரிக்கப்படாது.”

ஆனால் வாரனுக்குப் பாதியில் நிற்கத் தெரியவில்லை. கால் வழுக்கினால் மீதியை அவர் உடம்பே முடித்துவிட்டது. ஒத்திகையில் மறுபடியும் விழுந்தார். அடுத்த முறையும் விழுந்தார்.

“இந்தா துரை,” என்று மாயக்காள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்காட்டினாள். “நாங்க இங்கனதான இருக்கோம். பாரத்தை எங்க மேல போடும். ஏன் அம்புட்டு அவசரமா கீழ போறீரு?”

சொன்னேன். வாரன் தலையசைத்தார்.

கேமரா ஓடியது. அவர் வரப்பில் நடந்தார். கால் வழுக்கியது. அவர் உடம்பு ஒரு கணம் பின்னால் சாய்ந்து, எதையோ யோசிப்பதுபோல் தயங்கியது. மாயக்காளின் கை அவர் மணிக்கட்டில் இருந்தது. மற்றவர்கள் முதுகைத் தாங்கினார்கள். மெல்ல நிமிர்ந்து, அவர்கள் நடுவே, நட்ட நாற்றுகளைப் பார்த்தபடி நின்றார். வயலில் ஒரு சத்தமும் இல்லை. முத்துக்குமரன் மெதுவாகத்தான் “கட்” என்றார்.

“பாத்தீரா? இம்புட்டுத்தேன்” என்றாள் மாயக்காள்.

வாரன் என் பக்கம் திரும்பினார். கண்கள் ஈரமாக இருந்தன, ஆனால் குரல் ஒரு தொழில்காரனின் குரலாக இருந்தது.

“இயக்குநரைக் கேள் ரஃபியா. அடுத்த காட்சியில் நான் எங்கே நிற்க வேண்டும்?”