கறுப்பு முயலுக்கு மூன்று பெட்டைகள்

முயலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் மயிலாப்பூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்கு முன்னால் என் வயிற்றெரிச்சலெல்லாம் ஓர்ப்படி அன்வரி பேகத்தின் மேல். கச்சேரி ரோட்டுச் சந்தில் ஒரே வீடு. முன்கட்டு அவளுக்கு, பின்கட்டு எனக்கு. ஐந்தாவது பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க அவளுக்கு என் வாசற்படியை விட்டால் வேறு இடம் கிடைக்காது. "குல்ஷன், இவனைக் கொஞ்சம் புடி, சோப்பு எடுத்துகினு வரேன்" என்பாள். பிடிப்பேன். அந்த வழுக்குகிற குட்டி உடம்பு என் மடியில் கிடக்கும் நேரமெல்லாம் மனசுக்குள் அவளைத் திட்டித் தீர்ப்பேன்.

என் வீட்டுக்காரர் இனாயத் யுனானி ஹக்கீம். பிள்ளையில்லாத ஆண்கள் ராஜா அண்ணாமலைபுரத்துப் பங்களாக்களிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். நெருஞ்சிலைக் காய்ச்சி வற்றவைத்த சாறுதான் அவருடைய பேர்போன மருந்து. அடுப்படியில் நின்று அதைக் காய்ச்சுகிறவள் நான். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரு நாளாவது அவர் அதை நாக்கில் வைத்ததில்லை. சூரணம், லேகியம், தர்காவில் ஓதிய தண்ணீர் எல்லாம் எனக்கு மட்டும்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், கல்லூரியில் பாடம் நடத்தும் டாக்டர் கோதண்டபாணி கைவண்டியில் முயல் கூண்டுகளோடு வந்து இறங்கினார். சாறு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று மிருகத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். கல்லூரியில் இடமில்லை, எங்கள் பின்கட்டு முற்றம் அகப்பட்டது. ஒரு கூண்டில் கறுப்பு ஆண், மற்றதில் வெள்ளை ஆண். ஆளுக்கொரு பெட்டை. முதல் சில மாதம் இரண்டுக்கும் வெறும் புல். அதன் பிறகுதான் கறுப்புக்கு மட்டும் சாறு.

ஒரு மாதத்தில் வெள்ளையின் பெட்டை தன் மார்பு முடியைப் பிடுங்கி மெத்தை போட்டு, அதில் ஆறு குட்டி போட்டது. அன்வரியே தேவலை என்று எனக்குத் தோன்றியது. அவளாவது பத்து மாதம் சுமந்தாள்.

கறுப்பின் கூண்டில் ஒன்றுமில்லை. "பொட்டை மலடு" என்றார் இவர், என் பக்கம் திரும்பாமல். மூர் மார்க்கெட்டிலிருந்து வேறொன்று வாங்கி வந்து கூண்டில் விட்டார். அதுவும் சும்மா இருந்தது. மூன்றாவதையும் கொண்டுவந்தார்.

"தள்ளினதுங்களை கறிக்குப் போடு" என்றார் மாமியார் ஹாஜிரா பீ. அதே மூச்சில் மகனிடம், "ராயப்பேட்டையில ஒரு பொண்ணு கீது, நைனா. நல்ல குடும்பம்" என்றார். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று முதல் சாறு கிண்டும்போதெல்லாம், முகம் தெரியாத அந்தப் பெண் என் தலையணையில் எண்ணெய்த் தலையை வைத்துப் படுத்திருந்தாள். கரண்டியை அடுப்பில் போட்டு அடித்தேன்.

பெட்டைகளைக் கறிக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. போட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி, விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்தேன். வீம்புக்கு, இவர் கடைக்குப் போயிருந்த வேளை பார்த்து வெள்ளையை அவற்றோடு விட்டேன்.

இரண்டும் குட்டி போட்டன. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. என்னோடு மலடி என்று பேர் வாங்கிய இரண்டும் என்னைத் தனியே விட்டுப் போய்விட்டன. கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபோதுதான் புத்தி வேலை செய்தது. அப்படியானால் குறை யாரிடம்?

யாரிடமும் சொல்லவில்லை. காத்திருந்தேன். டாக்டர் சொன்னபடி இவர் கறுப்புக்குச் சாறு கொடுக்கத் தொடங்கியிருந்தார். வாரங்கள் போயின. ஒரு காலை மூன்றாவது பெட்டையும் மார்பு முடியைப் பிடுங்கியது.

குட்டிகளைப் பார்த்த டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "சாறு வேலை செய்யறதுன்னுதான் தோண்றது, ஹக்கீம் சாப். இன்னும் நிறைய முயலுக்குக் கொடுத்துப் பாக்கணும்" என்று சொல்லிப் போனார். இவர் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். மாமியார் முன்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்: "வெள்ளிக்கிழமை பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. ஷேர்வானியை எடுத்து வெயில்ல போடு, குல்ஷன்."

ஷேர்வானியை வெயிலில் போட்டேன். ஒரு கோப்பையில் சாறு ஊற்றி, அடுப்படிக்கு வந்த இவர் முன்னால் வைத்தேன்.

"இது இன்னாத்துக்கு?"

"கொட்டாய்க்கு வந்து பாருங்க."

வந்தார். தள்ளிவிட்ட இரண்டு பெட்டைகளும் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தன. எந்த ஆண் என்று கேட்டார். வெள்ளை என்றேன். குனிந்து குட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்றேன். "அந்த ராயப்பேட்டைப் பொண்ணு மேல எனக்கு வயிறு எரியாத நாளில்லை. ஆனா அவளையும் கூட்டிகினு வந்து இதே கூண்டுல விட்டா, அவளுக்கும் மலடின்னுதானே பேரு வெப்பீங்க?"

அவர் அடுப்படிக்குத் திரும்பி வந்து கோப்பையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளே வந்தார். இவர் கோப்பையை மறைப்பார் என்றுதான் நினைத்தேன். மறைக்கவில்லை. நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"இன்னாடா குடிக்கிறே?"

"மருந்து" என்றார். "எனக்கு."