இல்லாத மருமகன்

வீடு கேட்டுப் போகிற இடத்தில் உண்மை சொன்னால் வாசற்படியோடு சரி. மூன்று வீடு மாறியதில் நான் படித்த படிப்பு அது. அதனால் நாலாவது வீட்டுக்காரம்மாவிடம், என் மகள் புருஷனைப் பறிகொடுத்தவள் என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது வேறு. வேலை பார்த்த கம்பெனியில் சூப்பர்வைசர் அவளைச் சரக்கு அறையில் அடைத்துப் பலாத்காரம் செய்தான். அவன் ஜெயிலுக்குப் போனான். ஊர் வாய் துரத்தியது எங்களைத்தான். போன தெருவெல்லாம், "அந்தப் பொண்ணா இது?" என்று காதைக் கடித்தார்கள்.

புருஷன் செத்தவள் என்றதும் வீட்டுக்காரம்மா உருகிவிட்டாள். மாடி அறையைக் கொடுத்தாள். மகளைக் கண்ணு என்று கூப்பிட்டாள், தன் கையால் தலை வாரிவிட்டாள். நான் பெயிண்டர். பளபளப்பைப் பார்த்துச் சுவரை நம்புகிறவன் இல்லை.

"மாப்பிள்ளை எப்படிப் போனாரு?" என்றாள் ஒருநாள்.

"லாரி மோதி," என்றேன்.

"காய்ச்சல்ல," என்றாள் மகள், அதே நேரத்தில்.

வீட்டுக்காரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"காய்ச்சலோட வண்டிய எடுத்துட்டுப் போனான்மா. லாரி வந்தது கண்ணுக்குத் தெரியல. சொன்னா கேட்டாத்தானே," என்றேன்.

"பாவி மனுஷன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படம் ஒண்ணு குடுங்க. சட்டம் போட்டு மாட்டித் தரேன்."

படத்துக்கு நான் எங்கே போவேன்? தெரிந்த ஸ்டுடியோக்காரனிடம், யாரோ வாங்காமல் விட்டுப்போன படம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மீசை வைத்த லட்சணமான பையன். மகளிடம் நீட்டினேன்.

"யாருப்பா இவன்?"

"உன் புருஷன்."

சிரித்துவிட்டாள். அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவனோ செஞ்சதுக்கு இவனை ஏன்ப்பா சாகடிக்கிறே? எங்கயாவது நல்லா இருப்பான்."

விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள். என் முட்டியோடு மல்லுக்கட்டி நான் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். மகள் தோள்மேல் கிடந்த தன் கையை வீட்டுக்காரம்மா எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்றவங்களுக்கு என் வீட்ல இடமில்லைங்க," என்றாள் என்னிடம்.

"பொய் சொன்னது நான். அவ உண்மையத்தானேம்மா சொன்னா?"

"அது சரிதான்." தரையைப் பார்த்தாள். "நீங்க வேணா இருந்துக்குங்க பெரியவரே, வயசானவரு. பொண்ணை மட்டும் எங்கயாவது அனுப்பிடுங்க. நாலு பேரு வந்து போற வீடு."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அதை எழுதினால் அச்சுக்காரன் அடிக்க வருவான்.

மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். இரண்டு தெரு தள்ளி ஓர் அறை காலி என்றார்கள்.

"இங்க நான் பேசறேன். நீ வாயத் திறக்காதே," என்றாள் மகள்.

பெயிண்ட் டப்பாக்களோடு வெயிலில் நின்றேன். படியேறிக் கதவைத் தட்டினாள். யாரோ திறந்தார்கள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. சாத்திய கதவைப் பார்த்து மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கி வந்தாள்.